எதோடும் சேராத குமிழ்

என் அத்தான் சுற்றுவதும் கம்பி, நான் சுற்றுவதும் கம்பி. நான் தண்ணீர் மோட்டாருக்குச் சுற்றுகிறேன். தண்ணீர் ஏறினால் வேலை சரி, ஏறாவிட்டால் தப்பு. அவர் எலெக்ட்ரிக் கிட்டாருக்குச் சுற்றுகிறார். அதில் எது சரி, எது தப்பு என்று கேட்டுச் சொல்ல உலகத்தில் ஒரு காதுகூட இல்லை என்பதுதான் அவருடைய இருபத்தாறு வருஷ வயிற்றெரிச்சல்.

கிட்டார் தந்திகளுக்கு அடியில் பிக்கப் என்று ஒன்று இருக்கும். காந்தத்தின் மேல் தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பியை ஏழெட்டாயிரம் சுற்று சுற்றினால் அது பிக்கப். தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவது அதுதான். நூறு சுற்று கூடினால் ஒலி கனத்துவிடுமாம், குறைந்தால் கீச்சிடுமாம். அத்தான் முன்னறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, மூச்சைக்கூட அளந்து விட்டுச் சுற்றுவார். நடுவில் யாராவது கூப்பிட்டால் தொலைந்தார்கள். சாப்பாடு ஆறுகிறது என்பதை அக்கா சீட்டில் எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளுவாள்.

அப்பேர்ப்பட்டவர் போன மாதம் ஒரு தப்பு செய்தார். வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி கழற்றாத ஒரு கிட்டார்காரர், தெருவுக்கே அவர் கூலிங்கிளாஸ், தன் கிட்டாரில் இன்னொரு டோன் குமிழ் வேண்டும் என்றார். கீச்சொலியைக் குறைத்து ஒலியை மழுக்கும் குமிழ் அது. அத்தான் குமிழைப் பொருத்தினார், ஒயருக்கு ஈயம் வைக்க மறந்துவிட்டார். குமிழ் எதோடும் சேராமல் சும்மா சுற்றியது.

மறுநாளே கூலிங்கிளாஸ் ஓடிவந்தார். "அண்ணே, கையைக் கொடுங்க! அந்தப் புதுக் குமிழை ஏழுல வச்சா அப்படியே உருகுது!"

அத்தானுக்கு அப்போதுதான் ஈயம் வைக்காதது நினைவுக்கு வந்தது. பின்மூடியைக் கழற்றிக் காட்டினார். "தம்பி, மன்னிச்சுக்கங்க. இது எதோடயும் சேரலை. பாருங்க, ஒயர் தொங்குது."

கூலிங்கிளாஸ் குனிந்து பார்த்தார். "ஓ, இதான் சூட்சுமமா?" என்று பையிலிருந்து அளவுகோலை எடுத்து, தொங்கும் ஒயரை அளந்து குறித்துக்கொண்டார்.

ஒரே வாரத்தில் ஊரிலுள்ள கிட்டார்காரர்கள் அத்தனை பேரும் வாசலில் நின்றார்கள். ஒருவருக்கு ஒயர் இரண்டு அங்குலம் தொங்க வேண்டும், இன்னொருவருக்கு மூன்று. ஒருவர் மட்டும், தொங்கினால் சோகமாக ஒலிக்கிறது, சுருட்டி வையுங்கள் என்றார். அத்தான் தலையிலடித்துக்கொண்டு உண்மையைச் சொன்னால், "தொழில் ரகசியத்தை வெளியில சொல்வாரா?" என்று கண்ணடித்தார்கள்.

பொறுக்க முடியாமல் ஒரு சோதனை வைத்தார். ஏழு பேரை உட்காரவைத்துத் தன் பிக்கப் போட்ட கிட்டாரை வாசித்தார். அரை மணி கழித்து, அதே கிட்டாரில் மிஷின் சுற்றிய மட்டமான பிக்கப்பை மாட்டிவந்து வாசித்தார். இரண்டு தடவையும் ஏழு பேரும், "அந்தக் குமிழை மட்டும் கொஞ்சம் திருப்புங்கண்ணே" என்றார்கள்.

அன்று சாயங்காலம் என் பட்டறைக்கு வந்தார். "மச்சான், திங்கட்கிழமையிலேர்ந்து உன்கூட மோட்டார் சுத்துறேன். தண்ணி பொய் சொல்லாது."

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த விரல்களுக்காக, என் பட்டறைக்கு வந்துவிடச் சொல்லி நானும் அக்காவும் பத்து வருஷமாக அவர் காதில் ஓதிக்கொண்டிருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை சாமான் கட்ட உதவிக்குப் போனேன். எல்லாவற்றையும் பெட்டியில் போட்டாயிற்று. மிச்சமிருந்தவை ஸ்பீக்கரும், மிஷின் பிக்கப் கழற்றாத அந்தச் சோதனைக் கிட்டாரும்தான். அத்தான் கிட்டாரை ஸ்பீக்கரில் செருகி, மடியில் வைத்து மனசில்லாமல் நாலு தட்டுத் தட்டினார்.

உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அக்கா கத்தினாள்: "என்னங்க, அதுக்குச் சளி பிடிச்சிருக்கா? உங்க சத்தம் இப்படி மூக்கடைச்சு இருக்காதே!"

அத்தான் என்னைப் பார்த்தார். தந்திகளை அவிழ்த்து, பெட்டியிலிருந்து தன் பிக்கப்பை எடுத்து மாட்டி, ஈயம் வைத்து வாசித்தார்.

"ஆங், இப்ப சரி."

நூறு சுற்று குறைந்த வேறொன்றை மாட்டினார். நான் கதவோரம் நின்று, அக்காவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, வாயை மூடு என்று சைகை காட்டினேன். அவள் நிமிரவே இல்லை.

"இப்ப கீச்சுங்குது. எதையோ குறைச்சிட்டீங்க."

அத்தான் அடுக்களை வாசலில் போய் நின்றார். "இருபத்தாறு வருஷமா இதை ஏன் சொல்லலை?"

"ஊரையெல்லாம் கூப்பிட்டு உக்கார வச்சுக் கேட்டீங்க," என்றாள் அக்கா, தேய்ப்பதை நிறுத்தாமல். "என்னை ஒரு தடவை கேட்டீங்களா?"

கட்டிய பெட்டிகளை நானேதான் அவிழ்க்க வேண்டியிருந்தது.