கேமராவுக்கு எதிர்ப்பக்கம்

சனிக்கிழமை சாயந்திரம் எங்கள் குடும்பத்தில் இரண்டு டிவிகள் ஒரே மல்யுத்தத்தைக் காட்டும். ஒன்று ஜொகூர் பாருவின் பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் கூடத்தில் இருப்பது. இன்னொன்று காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளி, ஆயர் ஈத்தாமில் பெரியம்மா வீட்டில் இருப்பது. அம்மா கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டு பிஸ்கட் டின்னின் மேல் சாய்த்து வைப்பார். அந்தப் பக்கம் பெரியம்மாவும் அப்படியே செய்வார். நான் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அக்காளும் தங்கையும் இப்படித்தான் சேர்ந்து பார்க்கிறார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பெரியம்மா வீட்டுக் கூரையில் செயற்கைக்கோள் தட்டு இருக்கிறது. எங்களுக்குப் படம் இணையம் வழியாக வருகிறது. தட்டு வேகமானது, இணையம் சோம்பேறி. ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் பெரியம்மா எப்போதும் எங்களுக்கு முன்னால் இருப்பார். எங்கள் திரையில் மொட்டையன் இன்னும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அதற்குள் பிஸ்கட் டின்னிலிருந்து "ஐயோ மாதாவே!" என்று அலறல் கேட்கும்.

"அக்கா! சொல்லாதீங்கக்கா!"

"நான் எங்கடி சொன்னேன்? மாதாவத்தானே கூப்பிட்டேன்."

"நீங்க கூப்பிடுறதுலயே தெரிஞ்சிடுதே, சடையன் விழப்போறான்னு!"

மொட்டையனும் சடையனும் அவர்கள் இருவரும் வைத்த பெயர்கள். மொட்டையன் வில்லன், சடையன் நல்லவன். அறிவிப்பாளர் தொண்டை கிழியக் கத்தும் நீளமான ஆங்கிலப் பெயர்களை இருவரும் மதித்ததே இல்லை.

மழை பெய்தால் மட்டும் முறை மாறும். ஆயர் ஈத்தாமில் மேகம் கறுத்தாலே தட்டு செத்துவிடும். அப்போது அம்மா பார்த்துச் சொல்வார், பெரியம்மா கேட்பார். டிவியில் வர்ணனை செய்பவர்களைவிட அம்மாவுக்கு வாய் நீளம். அவர் சொல்லும்போது குத்து விழுவதற்கு முன்பே எனக்குத் தாடை வலிக்கும்.

போன வருடம் அந்தக் குழு ஜொகூர் பாருவுக்கே வருகிறது, உள்ளரங்கில் நடத்தி நேரடியாக ஒளிபரப்பப்போகிறார்கள் என்ற செய்தியைப் பார்த்ததும் நான் அலுவலகத்திலேயே கத்திவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் தீப்பிடித்துவிட்டது என்று எழுந்து நின்றார்.

மூன்று பேருமாகப் போகலாம் என்றுதான் திட்டம். பெரியம்மாவுக்கு முட்டியில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. "படி ஏறணுமா? அப்ப நான் வரல லா. நீங்க போய்ட்டு வாங்க," என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் வழக்கம்போல் 'சாப்டியா' என்று கேட்காமலே போனை வைத்துவிட்டார். அம்மாவும் "எனக்கும் வேணாம்" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டார்.

மறுநாள் பெரியம்மாவே அழைத்தார்.

"நீ போடி. ஆனா டிவில தெரியிற மாதிரி உக்காரணும். அந்த மஞ்சச் சேலைய கட்டிக்க, கூட்டத்துல கண்டுபிடிக்க லேசா இருக்கும். நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

எல்லாரும் என்றால் அவருடைய ஜெபக் கூட்டத்துப் பெண்கள். பெரியம்மாவால் வெளியே போக முடியாததால் சனிக்கிழமை ஜெபமாலையை அவர் வீட்டிலேயே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு ஆன்ட்டி, கண்ணாடிக்காரர், "ஜெபம் சொல்ற வாயாலயே குத்துடா, மிதிடான்னு கத்துறீங்களே அக்கா" என்று ஒருமுறை கேட்டிருந்தார். பெரியம்மா அதை மறக்கவில்லை. இப்போது அந்த ஆன்ட்டி உட்பட அத்தனை பேரும் ஜெபத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டு, டிவியில் தங்கச்சியைப் பார்க்க உட்காரப்போகிறார்கள். பெரியம்மாவின் மானம் அம்மாவின் மஞ்சள் சேலையில் தொங்கிக்கொண்டிருந்தது.

டிக்கெட் எடுக்கும்போது அரங்கத்தின் வரைபடத்தை அம்மாவிடம் காட்டினேன். ஒரு பக்கத்தில் சின்னதாகக் கேமரா படம் போட்டிருந்தது.

"அதுக்குப் பக்கத்துலயே போடு பாப்பா. பக்கத்துல இருந்தாத்தானே பெருசா தெரிவோம்."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. எந்த வீரன் எந்தப் பிடியை எப்போது போடுவான் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அந்தப் பெரிய கேமரா எங்கே நிற்கும் என்று மட்டும் இத்தனை வருடத்தில் யோசித்ததே இல்லை. டிவியில் எல்லாம் தெரியும், கேமரா தெரியாதே!

உள்ளே நுழைந்ததும் அம்மா நின்றுவிட்டார்.

"இவ்வளவுதானா? நம்ம கார் போர்ச் மாதிரி இருக்கு!"

ஆமாம், மேடை சின்னது. ஆட்களும் கொஞ்சம் சுருங்கித்தான் தெரிந்தார்கள். ஆனால் முதல் ஆள் முதுகடிபட விழுந்தபோது அம்மா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் பதிந்துவிட்டது. டிவியில் 'தொம்' என்று கேட்கும் சத்தம் அங்கே நெஞ்சுக்கூட்டில் வந்து மோதியது. மாடியிலிருந்து அலமாரியைத் தள்ளிவிட்டது போல.

"அலமாக்! நெசமாவே விழுறான் பாப்பா!"

கொஞ்ச நேரத்தில் அம்மாவுக்குக் குழப்பம் வந்தது. இருவர் கட்டிப் புரண்டு கிடந்தால் எது யார் கை, எது யார் கால் என்று புரியவில்லை. வீட்டில் என்றால் கேமரா முகத்துக்குப் பக்கத்தில் போகும், ஒருவர் விளக்குவார், இன்னொருவர் மறுப்பார். இங்கே வர்ணனை என்பதே இல்லை. பெரிய அடி ஒன்று விழுந்த நேரத்தில் அம்மா கச்சான் கடலைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு, "திரும்பப் போட்டுக் காட்ட மாட்டாங்களா?" என்று கேட்டார்.

ஆனால் டிவி காட்டாததை எல்லாம் பார்த்தோம். விளம்பர இடைவேளையில் மொட்டையன் மேடையைச் சுற்றி வந்தபோது முன்வரிசைச் சிறுமி ஒருத்தியின் குளிர்பானத்தைத் தட்டிவிட்டான். உடனே குனிந்து, நெஞ்சில் கை வைத்து அவளிடம் மன்னிப்புக் கேட்டான். உதவியாளரைக் கூப்பிட்டு இன்னொன்று வரவழைத்துக் கொடுத்தான். இடைவேளை முடிகிறது என்று ஓர் ஊழியர் கையை உயர்த்தினார். அவ்வளவுதான், அதே சிறுமியைப் பார்த்துப் பல்லைக் காட்டி உறுமினான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நல்ல பிள்ளையாத்தான் இருக்கான்," என்றார் அம்மா, ஏமாந்தவர் போல. "அக்காகிட்ட சொல்லணும்."

அக்கா காதிலேயே இருந்தார். அம்மாவின் ஒரு காதில் இயர்போன், அதன் மறுமுனையில் ஆயர் ஈத்தாம். அரங்கத்தில் ஒருவன் கயிற்றின் மேலிருந்து பாய்ந்தான். அம்மா "ஐயையோ!" என்றார்.

"சொல்லாதடி! இங்க இன்னும் வரல!" பெரியம்மாவின் கத்தல் எனக்கே கேட்டது.

அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வாழ்நாள் முழுவதும் ஒரு மூச்சு பின்தங்கியே இருந்தவர், முதல்முறையாக அக்காவை முந்திவிட்டார்.

"நான் எங்கக்கா சொன்னேன்? ஐயையோன்னுதானே சொன்னேன்."

"வாய் கூடிப்போச்சு ஒனக்கு. சரி, நீ எங்கடி இருக்க? நாங்க மேட்ச்சே பாக்கல, மஞ்சளத்தான் தேடிக்கிட்டு இருக்கோம். ஒண்ணு தெரிஞ்சுது, பார்த்தா ஒரு மலாய்க்காரப் பொண்ணு தலையில சுத்தியிருந்த தூடோங்."

அம்மா இயர்போனில் ஒன்றை என் காதில் மாட்டிவிட்டார். கூட்டத்துக்குப் பின்னால் என்ன தெரிகிறது என்று கேட்டேன். "பச்சையா ஒரு போர்டு, அதுல ஆள் ஓடுறான்," என்றார் பெரியம்மா. வெளியேறும் வழிப் பலகை. தலையைத் தூக்கிப் பார்த்தேன். அது மேடைக்கு அந்தப் பக்கம், எங்களுக்கு நேர் எதிரே இருந்தது. திரும்பிப் பார்த்தேன். எங்கள் முதுகுக்குப் பின்னால் உயரமான மேடை, அதன் மேல் பெரிய கேமரா. எங்கள் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்து, எங்களைத் தவிர ஊரையே காட்டிக்கொண்டிருந்தது.

சொன்னேன். போனில் பின்னாலிருந்து கண்ணாடி ஆன்ட்டியின் குரல் கேட்டது: "உண்மையிலேயே போயிருக்காங்களா அக்கா, இல்ல சும்மா சொன்னாங்களா?"

அடுத்த விளம்பர இடைவேளையில் அம்மா எழுந்தார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். மேடையைச் சுற்றிக்கொண்டு நடந்தார், பின்னாலேயே நான். பாதி வழியில் ஒரு மலாய்க்காரக் காவலர் மறித்தார். "தாக் போலே, மக்சிக்," முடியாது ஆன்ட்டி, டிக்கெட்டில் உள்ள இடத்தில்தான் உட்கார வேண்டும் என்றார். அம்மா தன் மலாய் முழுவதையும் கொட்டினார்: அக்கா, முட்டி, ஆயர் ஈத்தாம், டிவி, மஞ்சள் சேலை, எல்லாம். காவலர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, யாராவது இடம் மாற்றிக்கொண்டால் தான் எதையும் பார்க்கவில்லை என்றார்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு சீன அப்பாவும் மகனும் இருந்தார்கள். எங்கள் டிக்கெட்டை நீட்டியதும் அவர் நம்பாமல் பார்த்தார். "ஷுவரா ஆன்ட்டி? உங்க பக்கம்தானே பெஸ்ட்! அவங்க எல்லாம் கேமராவப் பார்த்துத்தான் ஆடுவாங்க. இங்க முதுகு மட்டும்தான் தெரியும்."

"பரவால்ல," என்றார் அம்மா. "எங்கக்காவுக்கு என் முகம் தெரிஞ்சா போதும்."

அவர் சொன்னது உண்மை. புது இடத்திலிருந்து முதுகுகள்தான் தெரிந்தன, போதாததற்கு ஓர் இரும்புத் தூண் மேடையின் ஒரு மூலையை மறைத்தது. கடைசிப் போட்டி, மொட்டையனும் சடையனும். அம்மா முடியைச் சரிசெய்து, பூவை முன்னால் எடுத்து விட்டு, நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அக்கா, இப்பப் பாருங்க. இரும்புத் தூண் தெரியுதா? அதுக்குப் பக்கத்துல."

பதிலுக்குக் கரகரவென்று ஒரு சத்தம். நான் லைன் சரியில்லை என்று நினைத்தேன். அம்மாவுக்கு அந்தச் சத்தம் பழக்கம்.

"மழையாக்கா?"

"ஆமாடி," என்றார் பெரியம்மா மெதுவாக. "தட்டு போச்சு."

பின்னால் நாற்காலிகள் நகரும் ஓசை கேட்டது. யாரோ குடை தேடினார்கள். அம்மா அந்தப் பெரிய கேமராவையே ஒரு நிமிடம் வெறித்துப் பார்த்தார். அத்தனை பாடுபட்டு அதன் முன்னால் வந்து உட்கார்ந்தாயிற்று, அந்தப் பக்கம் பார்க்கத்தான் ஆள் இல்லை.

"யாரும் கிளம்ப வேணாம்னு சொல்லுங்கக்கா," என்றார். "போன ஸ்பீக்கர்ல போடுங்க."

மணி அடித்தது, கூட்டம் ஓலமிட்டது. அந்த ஓலத்தில் தன் குரலே தனக்குக் கேட்காததால் அம்மா எழுந்து மேடைக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நின்று, ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டார். என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவார். நான் "எழுந்துட்டான்" என்பேன்.

"எழுந்துட்டான்க்கா! மொட்டையன் மிதிச்ச மிதியில பலகையே உடைஞ்சிருக்கணும், ஆனா சடையன் எழுந்துட்டான்! கண்ணு ரெண்டும் செவந்து போச்சு!"

நான் "கயித்துல ஏறுறான்" என்றால், அம்மாவின் வாயில் சடையன் ஏறி, கூரை விளக்கைத் தொட்டுவிட்டு, சிலுவை போலக் கையை விரித்துக்கொண்டு பறந்தான். போட்டி முடிந்து ஜெயித்தது சடையன் என்றபோது இயர்போனில் கைதட்டல் கேட்டது. கண்ணாடி ஆன்ட்டி விசிலடித்தார் என்று பெரியம்மா பிறகு சொன்னார். நான் நம்பவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு ஆயர் ஈத்தாம் போனோம். மத்தியானம் மறுஒளிபரப்பு. அதைச் சுருக்கித்தான் போடுவார்கள் என்று எனக்குத் தெரியும், வழியெல்லாம் அதே கவலை. கூட்டத்தைக் காட்டும் இடங்களைத்தான் முதலில் வெட்டுவார்கள். பெரியம்மா வீட்டு வாசலில் செருப்புகள் நிறைந்திருந்தன. அத்தனை பேரும் மறுபடி வந்திருந்தார்கள், கண்ணாடி ஆன்ட்டி ஒரு டப்பா நிறையப் பொரித்த கறிபாப்புடன். வானம் வெளுத்திருந்தது.

டிவியில் எல்லாம் மீண்டும் பெரிதாகியிருந்தது. கார் போர்ச் அளவு மேடை மைதானமாகிவிட்டது, மொட்டையன் ராட்சசனாகிவிட்டான். அவன் அந்தச் சிறுமியைப் பார்த்து உறுமியது வந்தது, அவள் சிரித்தது வரவில்லை. "இதுக்கு முன்னாடிதான் அந்தப் பிள்ளைகிட்ட சாரி கேட்டான்," என்றார் அம்மா. யாரும் நம்பவில்லை. "அந்த மூஞ்சியா?" என்றார் பெரியம்மா.

கடைசிப் போட்டி வந்தது. காலை ஸ்டூலில் நீட்டியிருந்த பெரியம்மா முன்னால் சரிந்தார். சடையன் விழுந்தான். இரும்புத் தூண் தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது.

"அதோ!"

வரிசை வரிசையாக முகங்கள், எல்லாம் மேடையைப் பார்த்தபடி. நடுவில் ஒரே ஒரு மஞ்சள் முதுகு. குனிந்து, முழங்கையைத் தூக்கிக் காதைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் காற்றை வெட்டிக்கொண்டிருந்தது. போயிற்று. கேமரா மாறித் திரும்பி வந்தபோதும் அதே முதுகு, அதே வெட்டு.

"அக்கா, ஒங்க தங்கச்சி அங்கயும் ஜெபமா சொல்றாங்க?" என்றார் கண்ணாடி ஆன்ட்டி.

கூடமே சிரித்தது. பெரியம்மா சிரித்துச் சிரித்து இருமி, முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "தங்கச்சிதான். அதான் சொன்னேனே, டிவில வருவாள்னு," என்று எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் திரும்பினார். "ஏண்டி, முதுகக் காட்டிக்கிட்டு நிக்கிறியே! அப்ப எனக்குச் சொன்னத யாருடி பார்த்தது?"

"பாப்பா பார்த்தா, நான் சொன்னேன்."

திரையில் சடையன் எழுந்தான். கண் சிவக்கவில்லை. நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினான், கயிற்றில் ஏறினான், குதித்தான். கூரை விளக்கு எங்கோ உயரத்தில் இருந்தது.

"இவ்வளவுதானா?" பெரியம்மாவின் முகம் விழுந்துவிட்டது. "நேத்து எப்படிப் பறந்தான்!"

ரிமோட்டை எடுத்தார். பதிவாகியிருந்த படத்தைக் கடைசிப் போட்டியின் தொடக்கத்துக்குத் திருப்பி ஓட்டி, சத்தத்தை அடியோடு நிறுத்தினார்.

"சொல்லு."

"என்னத்தக்கா சொல்ல? அதான் தெரியுதே."

"தெரியட்டும். நீ சொல்லு."

கண்ணாடி ஆன்ட்டி நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். அம்மா தொண்டையைச் செருமினார். மொட்டையன் இன்னும் திரைச்சீலைக்குப் பின்னால் இருந்தான், அம்மாவோ அதற்குள் அவனை மேடையேற்றிக் கழுத்தைப் பிடிக்க வைத்துவிட்டார்.

"மெதுவாடி," என்றார் பெரியம்மா. "படம் இன்னும் வரல."