மிச்சமான ஒரு ஓட்டு

என் தங்கை மகள் இயற்பியலில் எம்.எஸ்சி படிக்கப் புனே போக வேண்டும் என்றாள். அவள் அப்பாவான என் மாப்பிள்ளையோ, பி.எட். முடித்து உத்திரமேரூரிலேயே டீச்சராகட்டும் என்றார். புனேயில் சேர மறுநாள்தான் கடைசி நாள். "மாமா, நீங்கதான் நைனாகிட்ட பேசணும்" என்று என்னிடம் வந்தாள். குடும்பத்தில் இயற்பியல் படித்த இன்னொரு ஆள் நான்தான். படித்தேன் என்பதைவிடக் கல்லூரிக்குப் போய் வந்தேன் என்பது பொருத்தம். இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் பம்ப்செட் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிறேன்.

என் பேச்சுத் திறமையில் எனக்குச் சந்தேகமே கிடையாது. கேட்பவர் எழுந்து போய்விடுவதுதான் சிக்கல். அதனால் காலையில் மாப்பிள்ளையின் கிணற்றடிக்குப் போய், முதல் வேலையாக அவர் மோட்டாரைப் பிரித்துச் சாக்கில் பரப்பினேன். அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் சரியில்லை என்று நான்தான் சொன்னேன். நாற்றுக்குத் தண்ணீர் பாய வேண்டும். இனி அவர் எங்கே போவார்?

இருவரும் பள்ளியில் ஒரே பெஞ்சு என்பதால் மரியாதை கொஞ்சம் குறைவு.

"உன் பொண்ணு படிக்கப் போறது இன்னான்னு தெரியுமா? ஈர்ப்பு அலை. ஏரில கல்லு வுழுந்தா அலை கரைக்கு வருதில்ல? அத்த வெச்சே எவ்ளோ பெரிய கல்லுன்னு சொல்லலாம். அதே மாதிரி வானத்துல..."

"எரும எறங்கினாலுந்தான் அலை வருது மச்சான். அதுக்கு எதுக்குப் புனே?"

ஏரியைக் கைவிட்டு, பிரபஞ்சத்தின் தொடக்கத்துக்கே போனேன். பொருளும் எதிர்ப்பொருளும் ஏறக்குறையச் சமமாகத் தோன்றின. மோதிக்கொண்டு ஒளியாகக் கரைந்தன. பொருள் மட்டும் துளி கூடுதலாக இருந்தது. அந்த மிச்சத்தில்தான் சூரியன், செய்யாறு, மாப்பிள்ளை எல்லாம். அவர் விட்ட கொட்டாவியில் ஒரு மீன்கொத்தி கூடு கட்டியிருக்கலாம்.

நாஷ்டா கொண்டுவந்த மகள் கேரியரைக் கீழே வைத்தாள். "நைனா, நீ வார்டு மெம்பர் ஆன மாதிரிதான்."

கொட்டாவி பாதியில் நின்றது. மாப்பிள்ளை ஒரே ஒரு ஓட்டில் ஜெயித்தவர்.

"உன் ஓட்டும் எதிர்ல நின்னவங்க ஓட்டும் ஒண்ணுக்கொண்ணு கழிஞ்சி போச்சி. மிச்சம் ஒண்ணு. அதுல நீ மெம்பரு. அப்டி ஒரு மிச்சத்துலதான் நம்ம எல்லாருமே கீறோம்."

"அந்த மிச்சம் எப்டி வந்துச்சாம்?"

"அதான் தெரில. ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்றாங்க."

மாப்பிள்ளை முகம் வாடியது. ஜெயித்த நாளிலிருந்து வார்டில் பாதிப் பேர், "அந்த ஒரு ஓட்டு என்னுது" என்று சொல்லித்தான் குழாய் கேட்கிறார்கள், தெருவிளக்கு கேட்கிறார்கள். அவரும் யாரையும் மறுக்க முடியாமல் தவிக்கிறார். நானே அதைச் சொல்லி அவர் வீட்டில் வாரா வாரம் கறிக்குழம்பு சாப்பிடுகிறேன். என் ஓட்டு வேறு வார்டில் என்பது அவருக்கு இன்னும் உறைக்கவில்லை.

"பேஜாரு. எவன் சொல்றது நெசம்னு கண்டே புடிக்க முடியாதா?" அவர் கேட்டது பிரபஞ்சத்தைப் பற்றித்தான் என்று நம்புகிறேன்.

"வெளிச்சத்த வெச்சுப் பாக்க முடியாது நைனா. அந்த ஆரம்பத்துல எங்கியும் மூட்டம். வெளிச்சம் உள்ளயே மாட்டிக்கினு இருந்துச்சி. ஈர்ப்பு அலை மட்டும் மூட்டத்தத் தாண்டி வந்துரும். அந்தக் கொதிப்புல இன்னா நடந்துச்சோ அதுக்கேத்த மாதிரி அலையும் இருக்கும். அத்தப் புடிச்சா யாரு சொல்றது நிக்கும், யாரு சொல்றது நிக்காதுன்னு தெரிய ஆரம்பிக்கும்."

"புடிச்சிட்டாங்களா?"

"அந்தக் காலத்து அலைய இன்னும் இல்ல. ரொம்ப சன்னமா இருக்கும். அதுக்குத்தான் ஆள் வேணும்ன்றேன்."

மாப்பிள்ளை காய்ந்த வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ டீச்சரானா கிட்டவே இருப்பேன்னு பாத்தேன்" என்றார் மெதுவாக. அவள் சாக்கின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். அன்று நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அது.

"செரி, போ" என்றார். "புளுகுறவன யாராச்சும் கண்டுபுடிக்கணும்ல?"

வெற்றி என்னுடையதுதான் என்ற தெம்பில் மோட்டாரை மளமளவென்று பூட்டினேன். ஸ்விட்சைப் போட்டதும் ஓடியது. தண்ணீர் கொட்டியது. சாக்கில் ஒரு நட்டு மட்டும் கிடந்தது.

"மச்சான், இது எங்கேர்ந்து வந்துச்சி?"

"ஆரம்பத்துலயே ஒண்ணு கூடுதலா இருந்திருக்கும்" என்றேன், துளியும் அசராமல்.

மாப்பிள்ளை அதைத் துடைத்து மகள் கையில் வைத்தார். "இத்தையும் எடுத்துக்கினு போ. எப்டி மிச்சமாச்சின்னு அங்க கேட்டுக்கினு வா."