இரண்டு பத்துக்கு வரும் இன்டர்ன்

தூக்கம் கெட்டவன் உளறுகிறான் என்று சொல்லப் போகிறீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். அந்த வாரம் நான் மொத்தமாகத் தூங்கியது பதினொரு மணி நேரம். ஆனால் கீழே வரும் நேரங்களில் ஒன்றுகூட என் ஞாபகத்திலிருந்து எடுத்ததில்லை. எல்லாம் கம்ப்யூட்டர் பதிவிலிருந்து எடுத்தவை. கம்ப்யூட்டருக்குத் தூக்கக் கலக்கம் வராது.

பெரிய சட்ட நிறுவனம் அது. இன்டர்ன்களுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். கல்லூரிப் பரீட்சை முடிந்து மூன்று வாரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். எனக்கு அஞ்சாம் நம்பர். ஆறு நம்பரில் ஒருவருக்குத்தான் நிரந்தர வேலை. அந்த ஒருவன் நான்தான் என்று அப்பா சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டார். இரண்டு பேர் வாழ்த்துச் சொல்லிப் போனே செய்துவிட்டார்கள். ஆக, எனக்குக் கிடைத்தே ஆக வேண்டிய வேலை அது.

மற்ற இன்டர்ன்கள் எட்டாவது மாடியில் இருந்தார்கள். இடமில்லை என்று என்னை ஒன்பதாவது மாடியில் உட்கார வைத்தார்கள். எனக்கு எதிர் மேசை காலியாக இருந்தது. அதில் '4' என்று ஒட்டியிருந்தது.

"நாலு எங்க சார்?" என்று சீனியரிடம் கேட்டேன். அவருக்கு இன்டர்ன்கள் வைத்த பெயர் பைனல். எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் இதுதான் பைனல் என்பார். மறுநாள் இன்னொரு பைனல் வரும்.

"லீவு. உனக்கென்ன? உன் வேலையப் பாரு. இதுல அறுநூறு ஒப்பந்தம் இருக்கு. ஒவ்வொண்ணையும் படி. கம்பெனி கைமாறினா இது செல்லுமா, செல்லாதான்னு ஷீட்ல ஒரு வரி எழுது. வெள்ளிக்கிழமை காலைல ஒன்பது மணிக்கு வேணும்."

அன்று திங்கட்கிழமை.

"சார், தூங்கறதுக்கு..."

"தூங்குப்பா. யாரு வேண்டாம்னா? வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு."

திங்கள் இரவு, 2:10. ஷீட்டில் நான் நாற்பதாவது வரியில் இருந்தேன். கீழே நூறாவது வரியில் இன்னொரு கட்டம் ஒளிர்ந்தது. அதன் தலையில் சின்ன எழுத்தில் 'இன்டர்ன் 4'. லீவிலும் வேலை செய்கிற ஆள்! பார்க்காமலேயே எனக்கு அந்த ஆளைப் பிடிக்காமல் போனது. அப்புறம்தான் கவனித்தேன், நிரம்புவது என் வரிகள். ஷீட்டின் தலைப்பில் இருப்பது என் நம்பர் மட்டும். உடனே பிடித்துப்போனது. விடியும்போது நூற்றிருபது முடிந்திருந்தது. அதில் பாதி நான் தொடாதது.

"ஒரே ராத்திரில நூத்தியிருபதா?" பைனலின் முகம் மலர்ந்தது. "பரவாயில்லையே. அப்ப இன்னும் இருநூறு எடுத்துக்கோ."

செவ்வாய் இரவு, 2:10. மறுபடி வந்தது. ஓரத்தில் குறிப்புக் கட்டம் திறந்து தட்டினேன்: '300லேருந்து 400 வரைக்கும் நீங்க பாத்துக்கறீங்களா?'

'சரி.'

டக். டக். டக்.

என் கீபோர்டு சத்தம் என்று நினைத்தேன். என் இரண்டு கையும் தண்ணீர் பாட்டிலில் இருந்தது. அந்த மாடியில் ஆள் அசைந்தால்தான் விளக்கு எரியும். எதிர் மேசைக்கு மேலே விளக்கு எரிந்தது. நாலாம் நம்பர் கீபோர்டில் எழுத்துகள் ஒவ்வொன்றாக அமுங்கின. எழும்பின. அமுங்கின. நாற்காலியில் யாரும் இல்லை.

ஓடியிருக்க வேண்டும். நியாயமாக யாரும் ஓடுவார்கள். ஆனால் கையில் எண்ணூறு ஒப்பந்தம், மூன்று ராத்திரி. மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓடினால் முடியாது. திரும்பி உட்கார்ந்து, 400லிருந்து 500 வரையும் சேர்த்து அனுப்பினேன்.

'சரி.'

புதன் இரவு, 2:10. நாற்காலிகள் இரண்டைச் சேர்த்துப் போட்டுக் கால் நீட்டிப் படுத்திருந்தேன். குறிப்பு வந்தது.

'கை வலிக்குது.'

'எனக்கும்தான்' என்று படுத்தபடியே போனில் தட்டினேன்.

3:40. சத்தம் மாறியது. எட்டிப் பார்த்தேன். கீபோர்டின் வலது பாதி அசையவே இல்லை. இடது பாதியில் மட்டும் எழுத்துகள் அமுங்கின. பிறகு வலது பக்கத்து எழுத்துகளும் ஒவ்வொன்றாக அமுங்கின, இடது கையே அந்தப் பக்கம் போய்ப் போய் வருவது மாதிரி.

டக்... டக்...

'ஏன் ஸ்லோ?'

'ஒரு கைதான் இருக்கு.'

 'முயற்சி பண்ணுங்க' என்று போட்டேன்.

வியாழன் இரவு, 2:10. மிச்சம் நூற்று நாற்பது. அத்தனையையும் தள்ளிவிட்டேன்.

'எல்லாம் நானா?'

'ஆமா.'

வெகு நேரம் கழித்து... 'சரி.'

3:15. ஏசியை அணைத்தேன். குளிர் குறையவில்லை.

4:20. எழுத்துப் பிழைகள் வர ஆரம்பித்தன. அதுவரை ஒன்றுகூட இல்லை.

4:40. 'நிறுத்தட்டுமா?'

'முடிச்சுட்டு நிறுத்து.'

டக்...

டக்...

4:52. நின்றது. 'செல்லாது' என்று எழுத வந்தது, 'செல்' என்பதோடு நின்றுவிட்டது. எதிர் மேசை விளக்கு அணைந்தது.

ஷீட்டைப் பார்த்தேன். 4:53க்குத் தட்டினேன்.

'இன்னும் முப்பத்தொண்ணு இருக்கு.'

பதில் இல்லை.

4:54.

4:55.

டக்டக்டக்டக்டக்.

இரண்டு பாதியும்.

விளக்கு எரியவில்லை. இருட்டில்... எந்த மனுஷக் கையாலும் முடியாத வேகம்.

5:06. கடைசி வரி.

குறிப்புக் கட்டம் தானாகத் திறந்தது.

'முடிஞ்சுது. இப்ப வலிக்கல. அடுத்தது குடு.'

கழிவறைக்குள் ஓடிப்போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டேன். ஆட்கள் வர ஆரம்பித்த பிறகுதான் வெளியே வந்தேன். ஒன்பது மணிக்கு ஷீட் போனது. பிழைகள் எல்லாம் திருத்தப்பட்டிருந்தன. நான் திருத்தவில்லை. சாயங்காலம் வேலை எனக்குத்தான் என்று சொன்னார்கள். அப்பா போனில் அழுதார்.

திங்கட்கிழமை காலை வரவேற்பிலிருந்து ஒரு அம்மாவை மேலே அனுப்பினார்கள். கையில் ஒரு அட்டைப்பெட்டி. நாலாம் நம்பரின் சாமான்களை எடுத்துப் போக வந்திருந்தார். ஒரு சால்வை, சார்ஜர், மேசைக்கடியில் ஒரு ஜோடிச் செருப்பு.

"இதுலதான் உக்காந்திருந்தாளா தம்பி?"

"ஆமாம்மா. அவங்க லீவுன்னு..."

"லீவா?" நாற்காலியின் முதுகைத் தடவினார். "ரெண்டு நாளா வீட்டுக்கே வராம வேலை பாத்துட்டு இதுலயே சாஞ்சுட்டா. ரெண்டு வாரமா ஐசியூல கெடந்தா. கண்ணே தொறக்கல. போன வாரம் நாலு ராத்திரி மட்டும் வெரல் ஆடிச்சு. சரியா ரெண்டு பத்துக்கு ஆரம்பிக்கும். பொண்ணு எழுந்துருவான்னு நான் நர்ஸுக்கெல்லாம் சாக்லேட் வாங்கிக் குடுத்தேன் தம்பி. ஊசி கழண்டுரும்னு புதன்கிழமை வலது கையைக் கட்டிப் போட்டாங்க."

மேசைக்கடியிலிருந்த செருப்பை எடுத்துப் பெட்டியில் வைத்தேன்.

"வியாழக்கிழமை ராத்திரி ரொம்ப ஆடிச்சு. மூச்சு வாங்கிச்சு. யாரோ அவளைப் புடிச்சு இழுத்து ஓட்டற மாதிரி. விடிகாலைல போயிட்டா."

"எத்தனை மணிக்கும்மா?"

"நாலு அம்பத்திரெண்டுன்னு எழுதிக் குடுத்தாங்க."

பெட்டியை மூடினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தோளில் கை வைத்தார்.

"ஒரே ஒரு நிம்மதி தம்பி. இனிமே அவளை யாராலயும் வேலை வாங்க முடியாது."

"ஆமாம்மா" என்றேன்.

அவருடைய தோளுக்குப் பின்னால் என் திரை தெரிந்தது. காலையில் பைனல் கொடுத்த புதிய கோப்பு அதில் திறந்திருந்தது. ஆயிரத்து நானூறு ஒப்பந்தம். நான் இன்னும் ஒன்றைக்கூடத் தொடவில்லை. வரிகள் நிரம்பிக்கொண்டிருந்தன.

பகல் 11:20.