எழுபத்திரண்டிலேயே நின்ற நாடி

எங்கள் தொழிலில் எல்லாம் ஒழுங்காக நடந்தால் நாங்கள் இருப்பதே யாருக்கும் தெரியாது. கெட்டால்தான் போன் வரும். கெர்னலில் கைவைத்துப் பிழைக்கும் சக பாவிகளே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்?

மலையாள நாட்டில், கழக்கூட்டத்தில் இருக்கும் எங்கள் சின்னக் கம்பெனி, நோயாளியின் நாடியைக் காட்டும் ஆஸ்பத்திரி மானிட்டர்களின் அடிப்படை மென்பொருளான கெர்னலைக் கவனிக்கிறது. மானிட்டர் பெட்டி சூடேறாமலிருக்க, அதிலுள்ள பிராசசர்களில் சிலவற்றை ஓட்டத்திலேயே அணைப்போம், வேண்டும்போது எழுப்புவோம். ஹாட்பிளக் என்று பெயர்.

காலிக் கட்டில்

சோதனைக்காக ஒரு பெட்டியை ஆஸ்பத்திரியில், பழைய மானிட்டருக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம். ஒருநாள் காலை நர்ஸ் சேச்சி கூப்பிட்டார். திரையில் நாடி எழுபத்திரண்டு. வெகுநேரமாக அதே எழுபத்திரண்டு. ஒரு பிராசசரை அணைக்கும்போது பெட்டி உறைந்து, கடைசி எண்ணையே காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. நோயாளியின் மூச்சே நின்றிருந்தாலும் அது எழுபத்திரண்டு என்றுதான் சொல்லியிருக்கும். சேச்சி சொன்னார்: "ஸாரே, ஆளு டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போயாச்சு. ஹார்ட் மட்டும் இங்கதான் கிடக்குது, கேட்டோ."

பிரிண்ட் போட்டால் பிழையில்லை

எங்கே உறைகிறது என்று பார்க்க, 'இதுவரை வந்தாச்சு' என்று எழுதிக்காட்டும் பிரிண்ட் வரிகளை வழிநெடுகப் போட்டேன். உறைவது நின்றுவிட்டது! எடுத்தேன், உறைந்தது. பிரிண்ட் உண்டாக்கும் சின்னத் தாமதத்தில், மோத வேண்டிய இரண்டு வேலைகள் விலகிப் போய்விடுகின்றன. விளக்கைப் போட்டதும் ஒளிந்துகொள்ளும் பேய் மாதிரி. நான் மறுபடி முதலிலிருந்து தேடத் தொடங்கினேன். மேனேஜருக்கோ முகம் மலர்ந்தது: "அப்போ பிரச்னம் தீர்ந்தல்லோ! பிரிண்ட் அங்கேயே கிடக்கட்டும், பெட்டியை அனுப்பிடலாம்."

இரண்டு பூட்டு

நல்லவேளை, அனுப்பவில்லை. என்னோடு வேலை பார்க்கும் ஸ்ரீவராகம் அக்கிரகாரத்து சுப்புலட்சுமி, ஒரு நேரத்தில் ஒரே வேலை மட்டும் பிடிக்கக்கூடிய பூட்டுகளான லாக்குகள் பிடிபடும் வரிசையைச் சோதித்தாள். அணைக்கும் வேலை ஹாட்பிளக் லாக்கைப் பிடித்துக்கொண்டு நாடித் தகவலின் லாக்குக்குக் காத்திருந்தது. நாடியை எழுதும் வேலை தகவல் லாக்கைப் பிடித்துக்கொண்டு ஹாட்பிளக் லாக்குக்குக் காத்திருந்தது. இரண்டும் விடாக்கண்டர்கள். எந்த வேலையானாலும் முதலில் ஹாட்பிளக் லாக், பிறகே தகவல் லாக் என்று மாற்றினோம். பிரிண்டுகளை எடுத்துவிட்டு, பிராசசர்களை வாரக்கணக்கில் அணைத்தும் எழுப்பியும் வதைத்தோம். உறையவில்லை. தீர்ந்ததா என்று கேட்டேன். "இந்த ஒண்ணு தீந்தது. இன்னும் எங்கெங்க ஒளிஞ்சிண்டிருக்கோ, யார் கண்டா?" என்றாள்.

அப்பாவின் தலைமாட்டில்

பெட்டி ஆஸ்பத்திரிகளுக்குப் போன சில மாதத்தில், திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அப்பாவுக்கு நெஞ்சுவலி. தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்க வைத்தார்கள். தலைமாட்டில் எங்கள் பெட்டி! எண் மாறும்போதெல்லாம் எனக்கு மூச்சு வந்தது. கொஞ்சநேரம் மாறாமல் நின்றதும், பயம் தாளாமல் அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். அப்பா கண் விழித்தார்: "எதுக்குல கையப் பிடிச்சிக்கிட்டிருக்க? அதான் மிஷின் பாக்குதுல்லா. எவனோ நல்லாப் படிச்சவன்தான் செஞ்சிருப்பான், பயப்படாத."

ஊரே எங்களை நம்பிக் கண்ணை மூடுகிறது; எங்களை நம்பித் தூங்க முடியாதவர்கள் நாங்கள் மட்டும்தான்.