ஹெலிகொப்டருக்கு முப்பத்தைந்து நிமிடம், என் வேனுக்கு ஒன்றே முக்கால் மணி

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவில் பிறந்து, லொறி கிளீனராக ஏறி, இன்று மலையகத்து நோர்வூட்டில் மூன்று வேன், ஒரு கராஜ், ஒரு மாடி வீடு. முதல் வேனை மண்சரிவு கொண்டுபோனது. மறு வருடமே இன்னொன்று வாங்கினேன். கொழும்பு ரோட்டில் எந்த வளைவுக்குப் பிறகு எந்த வளைவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் கொழும்பு எவ்வளவு தூரம் என்று கேட்டால் இப்போது எனக்கே குழப்பம். வேன் ஓட்டப் பழகுகிற பிள்ளைகளுக்காக அதை எழுதுகிறேன்.

போன மழைக்காலத்தில் டூரிஸ்ட் பங்களாவில் தங்கியிருந்த வெள்ளைக்கார அம்மாவுக்கு நெஞ்சுவலி. டொக்டர் வந்து ஊசி போட்டு, உடனே கொழும்புக்குக் கொண்டுபோகச் சொன்னார். என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் மேனேஜர் ஹெலிகொப்டருக்குச் சொல்லிவிட்டார்.

“எம்பது கிலோமீட்டர் சொச்சம்தான் பெரியவரே. கொழும்புல இருந்து முப்பத்தஞ்சு நிமிஷத்துல வந்துரும்” என்று போனைக் காட்டினார்.

“நம்ம ரோட்டுல நூத்தி நாப்பதுங்களே சேர்?”

“அது ரோட்டு. இது நேர்க்கோடு.”

சமையல்காரன் முத்து சிரித்தான். “அண்ணே, ஒங்க வேன கோழிக்கூடாக்கிருங்க.”

தோட்டத்து மைதானத்தில் சுண்ணாம்பால் பெரிய வட்டம் போட்டுவிட்டு நின்றோம். சொன்ன நேரத்துக்குச் சத்தம் தலைக்கு மேலே வந்தது. ஹெலிகொப்டரைத்தான் காணோம். அவ்வளவு பனிமூட்டம். இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுச் சத்தம் போய்விட்டது. வந்ததா, வரவில்லையா? ஹெலிகொப்டர் ஓட்டுகிறவனும் நோர்வூட்டில்தான் இருந்தான், நாங்களும் நோர்வூட்டில்தான் இருந்தோம். இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மேனேஜரின் போன் அடித்தது. கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். “கொழும்பு ரோட்டுல கீழ கித்துல்கலயில மூட்டம் இல்லையாம். அங்க எறங்கி நிக்கிறாங்களாம். கொண்டு போயிருவீங்களா?”

“ஏத்துங்க சேர்.”

முத்து அந்த அம்மாவோடு பின்னால் உட்கார்ந்தான். அட்டன் டவுனைத் தாண்டியதும் அவர், “ஹவ் ஃபார்?” என்று முனகினார். நான் எந்தக் கணக்கைச் சொல்வது?

“முத்து, பத்து வெரலயும் காட்டு. ஒரு வளைவுக்கு ஒரு வெரல மடக்கு.”

பத்தும் மடங்கியதும் மறுபடி பத்து. மூன்றாம் தடவை விரித்தபோது அந்த அம்மா அந்த வலியிலும் சிரித்துவிட்டார்.

“அண்ணே, நம்ம பொய்யக் கண்டுபிடிச்சிட்டாங்க!”

“சிரிக்கிறாங்கல்ல? மடக்குடா.”

கித்துல்கல மைதானத்தில் ஆளை ஒப்படைத்தபோது ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அந்த அம்மா பிழைத்துக்கொண்டார்.

பிள்ளைகளே, தூரம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், மூட்டம் எங்கே நிற்கிறது என்று கேளுங்கள்.

இப்போது பங்களா வாசலில் அந்த ஹெலிகொப்டர் கித்துல்கலயில் நிற்கிற போட்டோவை மாட்டியிருக்கிறார்கள். ஓரத்தில் என் வேனின் பின்பக்கம் பாதி தெரிகிறது. கீழே, ‘நோர்வூட் – கொழும்பு: 35 நிமிடம்’. எந்த நோர்வூட்? அந்த அம்மா நோர்வூட்டிலிருந்து என் வேனில் அல்லவா போனார்! அதன் கீழே இன்னொரு வரி வேண்டும்: ‘கித்துல்கல வரை வேன், ஒன்றே முக்கால் மணி, ஓட்டியவர் சண்முகம்.’ மேனேஜர் சேர், பெயின்ட் நானே கொண்டு வருகிறேன். எழுதுங்கள்.