கைத்தட்டாமல் கிடைத்த பத்தாவது இடம்

எங்கள் கடலோரப் பேட்டை புக்கோமில், 'அத்தா' என்று எல்லோரும் மரியாதையாக அழைக்கும் லாந்தேவைத் தெரியாதவர் கிடையாது. ஆனால் அவர் குரலைக் கேட்டவர்கள் குறைவு.

மீன் துறையில் பெட்டிகளுக்கு ஐஸ் உடைப்பது அவர் வேலை. அதற்கு முன் பன்னிரண்டு வருடம் குத்துச்சண்டை. முப்பத்தாறு சண்டைகள், அதில் இருபத்திரண்டு தோல்வி. அந்த இருபத்திரண்டில் ஒன்றை மட்டும் ஊர் மறக்கவில்லை. அல்லோட்டே குவாய் என்ற இடதுகைக்காரர் ஏழாவது சுற்றில் விட்ட குத்து தாடையைத் தவறவிட்டு லாந்தேயின் தொண்டையில் இறங்கியது. பன்னிரண்டாவது சுற்று முடியும்வரை லாந்தே நின்றார். குரல் மட்டும் அன்றோடு போயிற்று. மிச்சமிருப்பது காற்று கலந்த ஒரு கரகரப்பு. பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கேட்கும்.

குவாய் வெளிநாட்டில் சண்டை போட்டதில்லை. பாஸ்போர்ட் கைக்கு வருவதற்குள் காய்ச்சல் வந்து, இருபத்தாறு வயதில் போய்விட்டார். பட்டம் கிடையாது, ஒரு புகைப்படம்கூடக் கிடையாது. அதனால் லாந்தேயின் பேச்சு வந்தாலே, "யாரோ பேர் தெரியாதவன்கிட்ட தொண்டையைக் குடுத்தவரு" என்று முடித்துவிடுவார்கள். முப்பது வருடமாக அந்த வாக்கியம் அவர் நெஞ்சில் முள்ளாக நின்றது.

இந்த நிலையில்தான் எங்கள் குத்துச்சண்டைக் கூடத்தின் தெருப்பக்கச் சுவரில் உலகின் பத்து பெரிய வீரர்களை வரைவதென்று முடிவானது. யார் அந்தப் பத்து பேர் என்று இரண்டு வருடம் சண்டை நடந்தது. எங்கள் நாட்டு அசுமா நெல்சன் முதலிடம். அதில் யாருக்கும் சந்தேகமில்லை, சந்தேகப்பட்டவன் இந்தத் தெருவில் குடியிருக்க முடியாது. முகமது அலியும் ஷுகர் ரே ராபின்சனும் இரண்டாம் இடத்துக்கு மோதியதில் மட்டும் மூன்று நாற்காலிகள் உடைந்தன. ஒன்பது பேர் முடிவானார்கள். பத்தாவது இடம் காலி.

அதற்கு முறை உண்டு. படகுகள் கடலுக்குப் போகாத செவ்வாய்க்கிழமை மதியம் எல்லோரும் கூடத்தில் உட்காருவார்கள். ஒரு பெயரைச் சொல்ல நினைப்பவர் சண்டை வளையத்துக்குள் ஏறி மூன்று நிமிடம் வாதாட வேண்டும், பிறகு எதிராளி. ஆளுக்கு மூன்று சுற்று. ஒருவர் பேச்சை இன்னொருவர் சொல்லக் கூடாது. கடைசியில் கை தூக்கி ஓட்டு. கடிகாரம் என்னிடம். வெளியூர்க்காரன் யார் பக்கமும் சாய மாட்டான் என்ற நம்பிக்கை அவர்களுக்கு. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மறுநாள் இதே தெருவில் துணிக்கடை திறக்க வேண்டுமே என்ற பயம் எனக்கு.

லாந்தே நான்கு தடவை ஏறி குவாயின் பெயரைச் சொன்னார். நான்கு தடவையும் அயிட்டே அவரை மூழ்கடித்தார். அயிட்டே கூடத்தின் செயலாளர், மூலையில் லாட்டரிப் பெட்டிக்கடை வைத்திருப்பவர். அவர் சாதாரணமாகப் பேசினாலே உப்பங்கழியில் கொக்கு பறக்கும். அவர் வேட்பாளர் ராக்கி மார்சியானோ. "நாப்பத்தொன்பது சண்டை! நாப்பத்தொன்பது ஜெயிப்பு!" என்று அவர் மேசையைத் தட்டினால் கூட்டமும் சேர்ந்து தட்டும். லாந்தேயின் உதடு அசைவது மட்டும் தெரியும்.

அந்த வருடம் படம் வரையும் சோவா வியாழக்கிழமை எல்லை தாண்டி லோமேக்குக் கிளம்புவதாகச் சொன்னான். அவன் போவதற்குள் முடித்துவிட வேண்டுமென்ற அவசரத்தில் அயிட்டே தானே தேதி குறித்தார். கம்பு விதைத்தாயிற்று என்பதை மறந்துவிட்டார்.

கம்பு விதைத்த பிறகு முப்பது நாள் எங்கள் ஊரில் சத்தம் கூடாது. மேளம், ஒலிபெருக்கி, கைத்தட்டல், கூச்சல் எதுவும் ஆகாது. தெய்வங்கள் அமைதியாக இருக்கும் காலம். மீறினால் ஆடும் சாராயமும் அபராதம். கண்காணிப்பு ஆட்கள் தெருத்தெருவாக நடப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை கூடத்துக்கு வந்த பிறகுதான் அயிட்டேவுக்கு உறைத்தது. மணியைத் துணியால் சுற்றி வைத்திருந்தோம். சுற்று முடிந்தால் நான் சிவப்புத் துண்டைத் தூக்க வேண்டும்.

வாசலில் கெங்கி என்ற புளித்த சோள உருண்டை விற்கும் கோர்கோர், லாந்தேயின் மனைவி, எட்டிப் பார்த்தாள். "என்ன அயிட்டே, தொண்டை கட்டிக்கிச்சா? எங்க வீட்ல இஞ்சி இருக்கு, தரவா?"

"சும்மா இரு தாயி" என்று அயிட்டே முணுமுணுத்தார்.

முதல் சுற்றில் அவர் குரலை அடக்கிக்கொண்டு பேசிய விதம், மேளம் இல்லாமல் ஆட வந்த கூத்தாடியைப் போல இருந்தது. மேசையைத் தட்டப் போன கையை இரண்டு தடவை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். நாற்பத்தொன்பது என்பது மெல்லச் சொன்னால் வெறும் எண்ணாகத்தான் இருந்தது.

லாந்தே ஏறினார். "கேக்கலன்னா கிட்ட வாங்கப்பா. இதுக்கு மேல என்னால ஆகாது."

முப்பது பேரும் ஸ்டூலை ஓசைப்படாமல் தூக்கிக்கொண்டு கயிற்றை ஒட்டி வந்தார்கள். அது அதுவரை நடந்ததில்லை.

"மார்சியானோ பெரியவரு. நான் இல்லங்கல. ஆனா அயிட்டே, அவரு உன்னை அடிச்சிருக்காரா?"

"அடிச்சிருந்தா நான் சீட்டு எழுதிட்டா இருப்பேன்? பத்து வருஷமா மண்ணுக்குள்ள இருந்திருப்பேன்."

கூட்டம் சிரிப்பை வாயைப் பொத்தி விழுங்கியது.

அடுத்த சுற்றில் அயிட்டே பழிவாங்கினார். "குவாய் எத்தனை சண்டை போட்டாரு? பதினேழு. உலகப் பட்டம்? சைபர். நம்ம நாட்டுலயே, குமாசில போய்க் கேளு நண்பா. 'குவாயா? அது பொரிக்கிற மீனா, சுடுற மீனா'ம்பான்."

நான் பயந்தேன். அது நல்ல குத்து.

கடைசிச் சுற்றில் லாந்தே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிதானமாகப் பேசினார்.

"ஜெயிச்ச எண்ணிக்கைய வெச்சு வரிசை போடலாம். பட்டத்த வெச்சும் போடலாம். ரெண்டும் காகிதத்துல இருக்கு. அடி வாங்கினவன்னு ஒரு சாட்சி இருக்கான். அவனை யாருமே கேக்கல. நான் இப்ப கேக்கறேன். குவாயோட பயிற்சிச் சண்டை போட்டவங்க கையத் தூக்குங்க."

ஒன்று, இரண்டு என்று வயதானவர்களின் கைகள் எழுந்தன. ஏழு கைகள். எட்டாவதாக, கொஞ்சம் தாமதமாக, அயிட்டேயின் கை. லாந்தேயும் தன் கையைத் தூக்கினார்.

"ரெண்டாவது தடவை அவரோட ஏறினவங்க மட்டும் அப்படியே வெச்சிருங்க."

கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. ஒருவர் தலையைச் சொறிவது போலப் பாவனை செய்தார். "எனக்கு அன்னைக்கு வயித்து வலி" என்றார் முன்னாள் தேசிய சாம்பியன் ஒருவர்.

"அவரு சாகற வரைக்குமா?" என்றாள் கோர்கோர் வாசலிலிருந்து.

ஒரே ஒரு கை மேலே நின்றது. அது லாந்தேயுடையது.

"இங்க மூணு தேசிய சாம்பியன் உக்காந்திருக்கீங்க. உங்களுக்குப் பயமே கிடையாதுன்னு ஊரே சொல்லுது. உங்களை ரெண்டாவது தடவை ஏற விடாம செஞ்ச ஒரே ஆளு அவருதான். அவரு பெரிய ஆளு இல்லன்னா, நீங்க எல்லாம் யாரைப் பாத்து ஒளிஞ்சீங்க?"

துண்டைத் தூக்கவே மறந்து நின்றேன். அயிட்டே பாய்ந்து எழுந்தார். வாய் திறந்தது. நான்கு கைகள் சேர்ந்து அந்த வாயைப் பொத்தின. வெளியே கண்காணிப்பு ஆட்கள் மெதுவாக நடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் தாண்டியதும் அயிட்டே கைகளை விலக்கினார். "கத்த வரல, விடுங்கடா. உண்மையச் சொல்ல வந்தேன்." கன்னத்தைத் தடவினார். "ஒரே தடவைதான் ஏறினேன். அந்த இடது கை வந்ததே தெரியல. ஒரு வாரம் கெங்கிய ஒரு பக்கமா மென்னேன். மறுநாள் வரச் சொன்னப்ப, எங்க அத்தை செத்துட்டாங்கன்னு சொன்னேன்."

"உங்க அத்தை போன வருஷம்தானே செத்தாங்க?" என்றார் பக்கத்திலிருந்தவர்.

"ஆமா."

பிறகு அவர்தான் முதலில் ஓட்டுக்குக் கை தூக்கினார். மற்ற கைகள் எல்லாம் அதன் பின்னால் எழுந்தன. எண்ண வேண்டிய அவசியமே இருக்கவில்லை. என் கையும் மேலே இருந்ததை அப்புறம்தான் கவனித்தேன்.

அதன் பிறகு நடந்ததைப் போல ஒரு கொண்டாட்டத்தை நான் எங்கும் பார்த்ததில்லை. முப்பது பேர் சட்டையைக் கழற்றித் தலைக்கு மேல் சுழற்றினார்கள். கட்டிப்பிடித்தார்கள். செருப்பை உதறிவிட்டு வெறுங்காலில் குதித்தார்கள். லாந்தேவைத் தோளில் தூக்கி வளையத்தை மூன்று தடவை சுற்றி வந்தார்கள். ஒரு சத்தம் இல்லை. மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. மேலே உட்கார்ந்திருந்த லாந்தே அழுதுகொண்டிருந்தார். அதற்கும் சத்தம் இல்லை.

மறுநாள் காலை சோவா சாயம் கலக்கிவிட்டு, "மூஞ்சி எப்படி இருக்கும்? போட்டோ குடுங்க" என்றான். போட்டோ ஏது? குவாயோடு ஏறியதாக முந்தைய நாள் கை தூக்கியவர்களை அழைத்தோம்.

"மூக்கு சப்பை" என்றார் ஒருவர்.

"இல்ல, கூர்மை."

"எனக்கு ஞாபகம் இருக்கறது கையுறை மட்டும்தான்" என்றார் அயிட்டே. "அதுவும் ரொம்பக் கிட்டத்துல."

லாந்தே சோவாவின் காதருகே குனிந்து வெகுநேரம் பேசினார். வலது புருவத்தில் வெட்டு, மேல் உதட்டில் மச்சம், சிரிப்பை அடக்குவது போன்ற வாய். ஒன்றும் விடவில்லை. பன்னிரண்டு சுற்று அந்த முகத்தை அவ்வளவு கூர்ந்து வேறு யார் பார்த்திருப்பார்கள்?

உடம்பின் நிலை வேண்டும் என்றான் சோவா. லாந்தே சட்டையைக் கழற்றி வெயிலில் நின்றார். வலது காலையும் வலது கையையும் முன்னே வைத்து, இடது முஷ்டியைத் தாடைக்குக் கீழே ஒளித்தார். தெருவில் போகிறவர்கள் நின்றார்கள். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த அயிட்டே, அவர்களிடம் ரகசியக் குரலில் அறிமுகம் செய்தார்: "இவருதான் அத்தா லாந்தே. நம்ம பத்தாம் நம்பர்கூட பன்னெண்டு சுற்றும் நின்ன ஒரே ஆளு."

இரண்டு மணி நேரம் ஆயிற்று. கோர்கோர் கெங்கியும் பொரித்த மீனும் கொண்டுவந்தாள். லாந்தே தலையாட்டி மறுத்தார்.

"அத்தா, கொஞ்சம் உக்காருங்க, நான் தோளை அப்புறம் போட்டுக்கறேன்" என்றான் சோவா.

லாந்தே முஷ்டியை இறக்கவில்லை. "நீ போடு. அவரு உக்காந்து நான் பாத்ததில்ல."