அக்கா எந்தப் பாட்டிலும் அக்காவாகப் பாடவில்லை

மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, தொழிற்சாலைச் சீருடையோடு, காற்றுச் சத்தம் விழாமலிருக்கக் காலுறை மாட்டிய மைக்கின் முன்னால் அக்கா நிற்கிறாள். எங்கள் ஆல்பத்தின் முதல் பாட்டு என்றால் எனக்கு அந்த நிற்புதான். இடம், கோலா சிலாங்கூரிலிருந்து தஞ்சோங் காராங் போகும் சாலையில் ஒரு பறவை வீட்டின் கீழ்த்தளம். சூப்புக்கு நல்ல விலை போகும் குருவிக் கூடுகளுக்காகவே ஜன்னல் இல்லாமல் கட்டிய கட்டடம் அது. நிஜக் குருவிகளை உள்ளே இழுக்க, பதிவு செய்த குருவிச் சத்தத்தை மேல்மாடியில் நாள் முழுக்க ஓடவிடுவார்கள். எங்களுக்கு உறுமி வாசிப்பதால் உறுமி அண்ணன் ஆனவர், அங்கே காவல் வேலை பார்த்தார், அவர் பிடித்துக் கொடுத்த இடம். தடித்த சுவர், வாடகை இல்லை. ஆனால் அந்தக் குருவிச் சத்தத்தை நிறுத்த மட்டும் அவருக்கு அனுமதி இல்லை.

"விடு லா, குருவியும் நம்ம பேண்டுல ஒரு ஆளு. உன்ன மாதிரி அதுக்கும் சுருதி தெரியாது" என்றாள் அக்கா, உறுமி அண்ணனைப் பார்த்து.

மூன்று பேர்தான் நாங்கள். அக்கா பாட்டு, அண்ணன் உறுமி, நான் கீபோர்டும் கணினியும். பேண்டின் பெயர் 'நாலாம் நம்பர் லோரி'. ஆல்பத்தின் பெயர் 'மாட்டுக்குப் பாஸ்போர்ட்'. ஆறு பாட்டு. கேட்டவர்கள் மொத்தம் நூறு பேர் இருந்தால் அதிகம். அதில் பாதிப்பேர் எங்கள் சொந்தக்காரர்கள், அவர்களுக்கும் பிடிக்கவில்லை. எனக்கோ உலகத்திலேயே இதைப் போல ஒரு ஆல்பம் கிடையாது. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். சொந்தக் குரலில் பாடுவது சோம்பேறித்தனம் என்பது அக்காவின் கொள்கை. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு புதுக் குரல் செய்வாள்.

நான் அப்போது கோலாலம்பூரில் ஒலிப்பதிவு படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது செமஸ்டர். இரைச்சலை நீக்குவது எப்படி என்று புதிதாகக் கற்றிருந்ததால், கண்ணில் பட்டதெல்லாம் இரைச்சல். பாட்டுக்கு நடுவே அக்கா பேசிக்கொண்டே இருப்பாள். பசியாறினீர்களா என்பாள், உறுமி அண்ணனின் புது மீசையைக் கேலி செய்வாள், சிரித்துச் சிரித்து இருமுவாள். குருவிச் சத்தத்தோடு சேர்த்து அத்தனையையும் வெட்டினேன். ஒரு வாரம் உட்கார்ந்து, சந்தோஷமாக வெட்டினேன்.

கேட்டு முடித்த அக்கா, "என்னடி, எனக்கு மொட்ட அடிச்சி விட்டுட்ட?" என்று சிரித்தாள். பிறகு, "ஒரிஜினல் வச்சிருக்கதானே?" என்றாள்.

"இருக்குக்கா."

அன்றைக்கு இருந்தது. அடுத்த செமஸ்டரில் கணினியில் இடம் போதாமல், பாடவேலைக்காக அந்தக் கோப்புகளை நானே அழித்தேன். யோசிக்கக்கூட இல்லை.

பிறகு ஒருநாள், அக்கா டெங்கிக் காய்ச்சலில் போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் ஐந்தே நாள். அவள் மகளுக்கு அப்போது மூன்று வயது முடிந்திருந்தது. அக்காவின் கைப்பேசியைத் திறக்க, அவள் கணவர், என் மச்சான், தெரிந்த எண்களையெல்லாம் போட்டுப் பார்த்தார், பூட்டிக்கொண்டது. கடைக்காரர் திறந்து கொடுத்தார், உள்ளே இருந்த எல்லாவற்றையும் துடைத்துவிட்டு. கல்யாண வீடியோவில் வீடியோக்காரர் தொடக்கம் முதல் முடிவு வரை சினிமாப் பாட்டைப் போட்டு நிரப்பியிருக்கிறார். அக்காவின் வாய் அசைகிறது, குரல் எவனோ ஒருவனுடையது. வாட்சாப்பில் அவள் பேசி அனுப்பியதே இல்லை, எல்லாம் தட்டெழுத்து.

போன மாதம் புக்கிட் செந்தோசாவில் மச்சான் வீட்டுக்குப் போயிருந்தேன். ஆறு வயதாகிவிட்ட மகள், வண்ணம் தீட்டிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்: "சித்தி, அம்மா எப்படிப் பேசுவாங்க?"

நான் என்ன செய்வேன்? என்னிடம் இருப்பது அந்த ஆல்பம் ஒன்றுதான். சனிக்கிழமை மத்தியானம், அவளை மடியில் வைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டி, முதல் பாட்டைப் போட்டேன். மூக்கைப் பிடித்த குரலில், ஆள்களை வேலைக்கு விரட்டும் தோட்டத்து மண்டோர் போல, செம்பனை மரங்களைப் பெயர் சொல்லி வேலைக்கு அழைக்கிறாள் அக்கா. "யாரு இந்தத் தாத்தா?" என்று அவள் சிரித்தாள். இரண்டாவது, பிவிசி குழாய்க்குள் வாயை வைத்துப் பாடிய ஆற்றுப் பாட்டு. "பேய்" என்று ஒதுங்கினாள். மூன்றாவது 'மின்மினிக்குக் கரண்டு பில்'. கீச்சுக் குழந்தைக் குரல். கண் விரிய, "இது நானா?" என்றாள். நான்காவதில் சுழலும் காத்தாடிக்கு முன்னால் நின்று பாடியிருப்பாள்; குரல் துண்டு துண்டாக வரும். ஐந்தாவது முழுக்க உறுமி, அக்கா கை மட்டும் தட்டுகிறாள். அதைக் கேட்டுக்கொண்டே என் விரலைப் பிடித்துக்கொண்டது பிள்ளை. ஆறாவதில் தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பவர் போல, சுங்கை புரோங் பஸ் வராத செய்தியை வாசிக்கிறாள்.

"நிப்பாட்டுங்க!"

நிறுத்தினேன்.

"செய்திக்கு முன்னாடி. அங்க."

பின்னால் நகர்த்தி, ஹெட்ஃபோனின் ஒரு பக்கத்தை என் காதுக்கு இழுத்துக்கொண்டேன். ஐந்தாவது பாட்டின் உறுமி அதிர்வு அடங்குவதற்குள் ஆறாவது தொடங்கும். அந்த அதிர்வைக் கெடுக்க மனமில்லாமல் அரை வினாடியை வெட்டாமல் விட்டிருக்கிறேன். அதற்குள் ஒரு மூச்சு. உதடு பிரியும் சின்னச் சத்தம், உள்ளே இழுத்த காற்று. மண்டோரும் இல்லை, குழந்தையும் இல்லை. என்னையோ உறுமி அண்ணனையோ ஏதோ சொல்லப்போகும் முன் அக்கா எப்போதும் இழுக்கும் மூச்சு. அதற்குப் பின்னால் வந்த வாக்கியத்தை வெட்டியவள் நான். என்ன சொன்னாள் என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை.

"அம்மாதானே? பேசப் போறாங்கதானே?"

"ஆமாம்மா."

மறுபடி போட்டேன். மூச்சு, உடனே செய்தி. அவள் முகம் சுருங்கியது. "அந்த டிவி ஆண்ட்டி சும்மா சும்மா நடுவுல வராங்க. வரவேணாம்னு சொல்லுங்க சித்தி. அம்மா பேசட்டும்."

செய்தி தொடங்கும் இடத்தில் நிறுத்தி, மூச்சை மட்டும் போட்டேன். அவள் இரண்டு கையாலும் ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிக் காத்திருந்தாள்.

"இன்னொரு தடவ போடுங்க. இந்தத் தடவ பேசிருவாங்க."